ஒரு வீட்டுக்கு ஒரு சான்றிதழ்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், வடசென்னையின் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விதிக்கப்படும் தடை இது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதும், கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவதும், சேர்க்கைக்குப் பணம் புரட்டுவதும் பெரும்பாலும் இதே நாட்களில்தான். பிடிக்கும் மீனில் ஒரு பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் வீட்டில் அரிசியே கடனில் வரும் அந்த இரண்டு மாதத்தில்தான் நாங்கள் போய் நின்று, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்கிறோம்.

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு வழிகாட்டும் பணியில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில், பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளோடு வேலை. வந்த புதிதில் வீடு வீடாகப் போய்க் கல்வியின் அருமையைப் பற்றிப் பேசினேன். யாரும் மறுத்துப் பேசியதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். அடுத்த வாரமே பையன் மணலியில் ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போயிருப்பான். படிப்பின் அருமை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்பதும், அவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே வேண்டாம் என்கிறார்கள் என்பதும், அந்தக் கணக்கை நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை என்பதும் புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அதை எனக்கு முழுமையாகப் புரியவைத்தவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளியாக இருக்கும் ஒருவர். 2022ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தின் தொடர்ச்சியாகத் தேர்வு தள்ளிப்போய், முடிவு ஜூன் மாதம்தான் வந்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிவிட்டிருந்தாலும், கிடைத்த பங்கெல்லாம் இரண்டு மாதக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். பாரதி மகளிர் கல்லூரியில் வணிகவியல் படிக்க ஆசைப்பட்டாள். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிய தொகை இல்லை, வீட்டிலிருந்தே போய்வரலாம். இதில் மறுக்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

அவர் மஞ்சப்பையிலிருந்து குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். மகனுடைய காகிதங்களைத் தனியாக ஒரு பக்கம் வைத்தார்.

"இவன் இப்போ பத்தாவது சார். அவ டிகிரி முடிக்கிற வருசம்தான் இவன் பன்னெண்டாவது முடிக்கிறான். அவ பட்டதாரி ஆயிட்டா இவனுக்கு அந்த முதல் பட்டதாரி சலுகை கெடைக்காது இல்ல?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. குடும்பத்தில் பட்டதாரியே இல்லாத மாணவர், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. 2010 முதல் நடப்பில் உள்ள நல்ல திட்டம் அது; எத்தனையோ பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ஆனால் அது ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான். வணிகவியல் தொழிற்படிப்பு இல்லை என்பதால் மகள் அந்தச் சலுகையைக் கையால் தொடப்போவதில்லை. இருந்தாலும் அவள் வாங்கும் பட்டமே தம்பியின் சலுகையை எடுத்துவிடும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்த அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் அந்தக் கணக்கில் சேரும். பையனோ அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆங்கில வழிப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் வரட்டும் என்று வயிற்றைக் கட்டிச் சேர்த்த பள்ளி. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், ஒரே படகில் வேலை செய்யும் இரண்டு பேரின் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த ஒதுக்கீடு உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்பதை எந்த வீட்டிலும் என்னால் மனம் ஒப்பி விளக்க முடிந்ததில்லை. வடசென்னையில் உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் இதே குடிசைகளிலிருந்தும் குடியிருப்பு வாரிய வீடுகளிலிருந்தும்தான் வருகிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வரும் என்றேன். அறிவிப்பு வந்திருந்ததே தவிர, பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. (செப்டம்பர் 5 அன்று, அந்த உதவித்தொகையைத் தரும் புதுமைப் பெண் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தது அதே பாரதி மகளிர் கல்லூரியில்தான்.) மூன்று வருடத்தில் அவள் சம்பாதிப்பாள், தம்பியைப் படிக்கவைப்பாள் என்றேன்.

"அத எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

அதுவரை பேசாமல் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலை நிமிராமல் சொன்னார்: "மொதல்ல பொறந்தவ மொதல்ல சாப்புடட்டும். அவனுக்கு அப்பால பாத்துக்கலாம்." அதோடு பேச்சு முடிந்தது. அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்தது நான் பேசிய பேச்சால் அல்ல.

அன்றிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது மதிப்பெண்ணை அல்ல. வீட்டில் இன்னும் யார் படிக்கிறார்கள், எந்தப் பள்ளி, யாருடைய வருமானம் எந்த மாதத்தில் நிற்கும், ஓ.டி.பி. வரும் போன் பகலில் யார் கையில் இருக்கும் என்றுதான் கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் நான் செய்த தவறு. கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவனுக்குப் பொறியியல் கலந்தாய்வில் உடனிருந்து விருப்பப் பட்டியலைப் பதிவு செய்து கொடுத்தேன். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். இரவில் பார்சல் குடோனில் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் அவன். போனில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். உறவினர் திருமணத்துக்காக வெளியூர் கிளம்பிய நான், கூட வேலை செய்பவர்களிடம் அவனுடைய விவரத்தை ஒப்படைக்காமல் போய்விட்டேன். இடம் போயிற்று. பிறகு துணைக் கலந்தாய்வில், அவன் கேட்ட பாடம் இல்லாத, இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய ஒரு கல்லூரி கிடைத்தது. அவனுடைய அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "பரவால்ல சார், எங்களுக்கு எழுதுனது அவ்ளோதான்" என்றார். அது யாரும் எழுதியதல்ல, நான் தவறவிட்டது என்று சொன்னேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது கலந்தாய்வு நாட்களில் ஒவ்வொரு மாணவருக்கும் எங்களில் இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் ஊரில் இல்லையென்றால் மற்றவர் இருந்தே ஆகவேண்டும்.

சேர்ந்த பிறகு வரும் தொல்லைகளைத் தனியாகவே எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் பருவம் முழுவதும் வகுப்பில் வாய் திறப்பதில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ஒரு வாரம் வருகைப்பதிவு போகும். முதல் அரியர் விழுந்ததும் வீட்டில் சொல்லாமல் வேலைக்குப் போகத் தொடங்குவார்கள். சேர்க்கை முடிந்ததும் எங்கள் பதிவேட்டில் டிக் போட்டு மூடிவிடும் பழக்கத்தை விட்டுவிட்டோம். மூன்றாம் பருவம் வரை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்கிறோம்.

அந்தப் பெண் 2025இல் பட்டம் முடித்துவிட்டு, பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தாள். அதே ஆண்டு தம்பிக்குக் கலந்தாய்வில் இயந்திரவியல் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வழியில்லை. அக்காவின் முதல் சம்பளமும், அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனும், படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணமும் சேர்ந்துதான் முதல் தவணை கட்ட முடிந்தது. ரசீதைக் காட்ட அந்த அப்பா எங்கள் அலுவலகத்துக்கே வந்திருந்தார்.

"அன்னைக்கு நான் சொன்ன கணக்கு சரிதானே சார்?" என்றார்.

"சரிதாண்ணா" என்றேன்.

ரசீதை நான்காக மடித்து, அதே மஞ்சப்பையில், மகளின் பட்டச் சான்றிதழ் நகலுக்கு மேல் வைத்துக்கொண்டார். நாளைக் காலை இரண்டு மணிக்குப் படகு கிளம்புகிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.