இடவப்பாதி நாட்குறிப்பு: காலுக்கு வலு

ஜூன் 4, புதன்

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, விட்டபாடில்லை. முற்றத்துச் சிமெண்டுத் தரை முழுக்கப் பாசி. காலையிலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டு, ஈர்க்கு வாரியலால் தேய்த்தேன். கிணற்றடியையும் மாமி கால் கழுவ நிற்கிற இடத்தையும் இரண்டு தடவை தேய்த்தேன். மாமிக்கு 86 வயது. இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சையோடு முடியாது. படுக்கையில் கிடக்கக் கிடக்கத் தொடைத் தசை கரையும், தசை கரைந்தால் எழுந்து நிற்பதே பெரும்பாடு. பக்கத்து வீட்டு அக்கா போன மழையில் விழுந்தவர், இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். வயதான காலத்துக்கு என்ன சாப்பிடலாம் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர் அபூர்வம்.

ஜூன் 8, ஞாயிறு

மார்த்தாண்டத்திலிருந்து நாத்தனார் வந்திருந்தாள். 66 வயது. "நான் தெனமும் ஒரு மணிக்கூர் நடக்கேன் மயினி, அது போதாதா?" என்றாள். ஒரு மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது பார் என்றேன். கையை ஊன்றக் கூடாது. எட்டோடு தொடை நடுங்கி நின்றுவிட்டாள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்குப்படி 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே, விழும் அபாயமும் கூடுதல்.

நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதை யாரும் விடவேண்டாம். ஆனால் தொடை வலுவும் உடலைச் சாயாமல் நிறுத்துவதும் நடையால் மட்டும் வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 65 தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. கூடவே வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊரில் முதல் பாதி எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது பாதியை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, எனக்கு அதில்தான் ஆதங்கம்.

ஜூன் 13, வெள்ளி

மேற்குக் கடற்கரையில் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளத்து மீன்தான் வருகிறது. இன்று நல்ல சாளை கிடைத்தது. தேங்காய் அரைத்து, புளிக்குப் பச்சை மாங்காய் போட்டு வைத்தேன். மாமிக்கு மரச்சீனிக் கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டி வைத்தேன்.

வயதாக ஆகப் பசி குறைகிறது, ஆனால் தசைக்கு வேண்டிய புரதம் குறைவதில்லை. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்டவேண்டும். மாமி 50 கிலோ, அப்படியென்றால் 50 முதல் 60 கிராம். நூறு கிராம் சாளையில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6. ராத்திரிக்கு வெறும் கஞ்சியும் துவையலும் என்றிருந்ததைச் சிறுபயறும் கஞ்சியுமாக மாற்றிவிட்டேன். மாமிக்குக் கருவாடு இல்லாமல் கஞ்சி இறங்காது. அதை வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறோம், பிரஷருக்கு உப்பு ஆகாதே.

ஜூன் 14, சனி

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். 2021-இல் தொடங்கிய திட்டம், மாமி போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் சட்டென்று நிற்கக் கூடாது, கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபிறகு எழவேண்டும் என்று மாமிக்கு மறுபடி சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் ஊர் ஆசானைப் பார்க்கப் போனேன். அடிமுறை என்கிற தற்காப்புக் கலையைச் சொல்லிக் கொடுப்பவர், 80 தாண்டிவிட்டது. களரியின் மண்தரையில் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை ஊன்றாமல் எழுந்தார். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

கம்பும் கத்தியும் வேண்டாம், வயசானவங்களுக்குக் காலடி வைக்கிற சுவடு மட்டும் சொல்லித் தாங்க ஆசானே என்றேன். ஒரு காலை முன்னே வைத்து, உடம்புப் பாரத்தை முழுசாக அதற்கு மாற்றி, பின்காலை மெதுவாக எடுத்துக் காட்டினார். முன்காலின் பெருவிரல் மண்ணைக் கவ்வியது, கணுக்காலில் நரம்பு புடைத்து அசைந்துகொண்டே இருந்தது. அந்தச் சின்ன அசைவுதான் உடம்பைச் சாயாமல் பிடித்து நிறுத்துகிறது. சோபா, மேசை, மிக்ஸி என்று ஆனபிறகு நாம் தரையில் உட்கார்ந்து எழும் வேலையையே விட்டுவிட்டோம், காலுக்கு இருந்த பயிற்சியும் அதோடு போயிற்று. முட்டி தேய்ந்தவர்களைத் தரையில் உட்காரச் சொல்லக் கூடாது என்று ஆசானே சொன்னார். அவர்களுக்கு நாற்காலி போதும்.

வீட்டுக்கு வந்து மாமியைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன். "எம்மா, என்னைய கொக்காக்கிட்டியே" என்று சிரித்தார். ஆனால் நின்றார்.

ஜூன் 27, வெள்ளி

ஊரில் வயதானவர்களுக்குச் சுவடும் நாற்காலிப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கப் படிப்பகத்துக்காரர்களிடம் பேசி முடித்தாயிற்று. ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு முன்கூடத்தைத் தருகிறார்கள், ஆசானும் வருகிறார். வருகிறவர்கள் மர நாற்காலி கொண்டுவரட்டும், பிளாஸ்டிக் நாற்காலி தரையில் நழுவும். செருப்பு வேண்டாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், புதிதாக அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவேண்டும். நாத்தனாரும் மார்த்தாண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாளாம்.