மெதுவாக ஓடுகிறேன்: 17 வாரக் கணக்கு

நேற்று நிற்காமல் 38 நிமிடம் ஓடினேன். தூரம் 4.2 கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. விறுவிறுவென்று நடக்கிறவர்களில் சிலர் இதே வேகத்தில் போவார்கள், தெரியும். ஆனால் பதினேழு வாரத்துக்கு முன்னால் என்னால் ஒரு முழு நிமிடம் ஓட முடியவில்லை, அதனால் இந்த 38 நிமிடம் எனக்கு ரொம்பப் பெரியது. ஓட ஆரம்பித்த மூன்றாம் நான்காம் வாரத்திலேயே "நமக்கு இது சரிப்படாது" என்று ஷூவை ஓரம் கட்ட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் நானும் இரண்டு தடவை அந்த இடத்துக்கு வந்துவிட்டுத்தான் திரும்பினேன்.

நான் எடுத்துக்கொண்டது 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு), ஓடிப் பழகாதவர்களுக்கான திட்டம். 1996ல் ஜாஷ் கிளார்க் என்பவர் உருவாக்கியது, 9 வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், ஆக எட்டுச் சுற்று. காகிதத்தில் பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருந்தது. ஐந்தாவது சுற்றில் விலாவில் பிடித்துக்கொண்டது, தொண்டை வறண்டுவிட்டது, ஆறாவதை நடந்தே முடித்தேன். மூன்றாவது வாரம் வரை இதே கதைதான், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வரும்போது மனசு விட்டுப்போயிருக்கும்.

என்ன தப்பு என்று புரிந்தது தற்செயலாகத்தான். மைதானத்தில் தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர், "என்னம்மா, நேத்து காணோமே?" என்று கேட்டார். நான் ஓடிக்கொண்டிருந்தேன், "வேலை இருந்துச்சு ஐயா" என்ற மூன்று வார்த்தையைச் சொல்ல மூச்சு இல்லை, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். ஓடுவது என்றாலே புறப்படுகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போலத்தான் என்று என் உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து ஒரே விதி: அவர் மறுபடி கேட்டால் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. காலடியைச் சின்னதாக்கினேன், காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல் வைத்தேன், 'தட் தட்' என்று விழுந்துகொண்டிருந்த சத்தம் மெல்லிய 'சரக் சரக்' ஆனது. அந்த வாரம் முதல் தடவையாக எல்லாச் சுற்றையும் முடித்தேன்.

இப்படி ஓடுவதற்கு ஒரு பெயரே இருக்கிறது, பேச்சுச் சோதனை என்பார்கள். பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில்தான் உடம்பு நீடித்து ஓடுவதற்கான அடித்தளத்தைப் போடுகிறது: தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, செல்களுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு மெல்ல உயருகிறது. பெரிய போட்டிகளில் ஓடுகிறவர்களும் தங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை அவர்களுக்கு எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மெதுவாக ஓடுவதும் பயிற்சிதான், அதுவும் சரியான பயிற்சி.

இரண்டாவது தடவையாக ஓட்டத்தை விட்டுவிட நினைத்தது ஆறாவது வாரம். ஐந்தாவது வாரக் கடைசியில் அந்தத் திட்டம் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும், அதை எப்படியோ முடித்துவிட்டேன், அந்தச் சந்தோஷத்தில் மறுநாளும் ஓடினேன், அதற்கு அடுத்த நாளும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்ஓரம் வலிக்க ஆரம்பித்தது, கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சாண் நீளத்துக்கு வலி. மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக அதைவிட ரொம்ப நாள் எடுக்கும், அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும் நேரத்தில் கால் மாட்டிக்கொள்கிறது. ஒன்பது நாள் ஓடவில்லை. (எலும்பில் ஒரே புள்ளியில் வலி குத்தினாலோ, சும்மா நடக்கும்போதும் வலித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.) வலியைவிட, பழகியதெல்லாம் போயிருக்கும் என்ற பயம்தான் அந்த ஒன்பது நாளும் என்னை வாட்டியது. பத்தாவது நாள் மெதுவாக 12 நிமிடம் ஓடிப் பார்த்தேன், ஒன்றும் போகவில்லை.

அப்புறம், ஓட்டத்தைக் குறித்துக்கொள்ள நான் போனில் வைத்திருந்த செயலி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேகத்தைப் பெரிய எழுத்தில் காட்டும், போன தடவையைவிடக் குறைந்தால் சிவப்பு அம்புக்குறி போடும். வெயில் நாளில் உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது, தூங்காத நாளில் கால் கனக்கிறது, இதெல்லாம் அந்த அம்புக்குறிக்குத் தெரியாது. வேகத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். அதில் எழுதுவது நிமிடம், மூச்சு எப்படி இருந்தது, ஒரு வரி, அவ்வளவுதான். "22 நிமிடம். பாதிக்கு மேல் மூச்சு சீரானது. பெரியவரிடம் பேசினேன்." "15 நிமிடம். கால் கனம். இருந்தாலும் போனேன்." இதுவரை 44 பதிவுகள். ஓட மனசு வராத அன்று முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும், "ஆறாவது சுற்று நடந்தேன்" என்று எழுதியிருக்கும்.

ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தத் திட்டத்தின் பெயரில் 5 கிலோமீட்டர் இருக்கிறது, ஆனால் கடைசி வாரம் கேட்பது 30 நிமிட ஓட்டம். 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். என் வேகத்தில் 30 நிமிடத்துக்கு 3.3 கிலோமீட்டர்தான் வரும். ஒன்பது வாரத் திட்டத்தைப் பதினான்கு வாரத்தில் முடித்த அன்று தோற்றுப்போன மாதிரி உட்கார்ந்திருந்தேன், கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் எங்கேயும் தவறவில்லை என்று தெரிந்தது. எனக்கு 5 கிலோமீட்டர் என்பது 45 நிமிடம், சரி, இன்னும் பதினைந்து நிமிடம் சேர்க்க வேண்டும்.

கூட்டத்தோடு ஓடினால் கடைசியாக வருவோமே என்ற கூச்சம் எனக்கு இருந்தது. 2004ல் லண்டனில் 13 பேரோடு தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் 'பார்க்ரன்' வாராந்தர ஓட்டத்தில், எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருக்கிறார். கடைசி இடம் அவருடையது, அதனால் ஓட வந்த யாரும் கடைசி ஆவதில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர் மெதுவாக ஓடுகிறவர்களின் மனசைப் புரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சுத்தமாக மனசே வராத நாளுக்கு ஒரே ஒப்பந்தம்: ஷூ மாட்டி 10 நிமிடம் ஓடுவது, அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவது. அப்படித் திரும்பி வந்தது இதுவரை நான்கே நாள், அந்த நான்கையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் 40 நிமிடம், அடுத்த வாரமும் அதே 40. அதற்கப்புறம்தான் 42. நேற்று கடைசிச் சுற்றில் பெரியவர், "எத்தனை நிமிஷம்மா ஆச்சு?" என்றார். ஓடிக்கொண்டே முழுசாகச் சொன்னேன்: "முப்பத்தாறு ஆச்சு ஐயா, இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடிட்டு நிறுத்திடுவேன்."