செகர் குன்றும் மண்டையோட்டுக் கோபுரமும்

கான்ஸ்டான்டினோப்பிளுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை தெற்கு செர்பியாவின் நிஷ் நகர் வழியாகத்தான் போயிற்று. அச்சாலையில் வருவோர் போவோர் எல்லாரும் கண்டு நடுங்க வேண்டும் என்று, 1809-இல் ஓட்டோமான் தளபதி ஹுர்ஷித் பாஷா, போரில் மாண்ட செர்பியர்களின் 952 மண்டையோடுகளைப் பதித்து ஒரு கோபுரம் எழுப்பச் செய்தார். 'செலே குலா' என்று ஊரார் சொல்லும் அக்கோபுரத்தைச் சுற்றி 1892-இல் ஒரு சிற்றாலயம் கட்டப்பட்டது. அதனுள் நுழைந்தபோது என்னையறியாமல் குரல் அடங்கிவிட்டது.

இப்போது எஞ்சியிருப்பவை 58 மண்டையோடுகளே. மற்ற இடங்களில் வெறும் குழிகள். மாண்டவர்களின் உறவினர்கள், தங்களவருடையது என்று நம்பியதை இரவில் பெயர்த்தெடுத்துப் போய் அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். மண்டையோடுகளைவிட அந்தக் குழிகளைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தனியே கண்ணாடிப் பேழையில் இருக்கும் ஒன்று, ரெசாவாப் பகுதி வீரர்களின் தலைவர் ஸ்டெவான் சிஞ்செலிச்சினுடையது என்று கருதப்படுகிறது.

மறுநாள் காலை, அவர் மாண்ட செகர் குன்றுக்குச் சென்றேன். 1804-இல் கராஜோர்ஜே தலைமையில் தொடங்கிய முதல் செர்பியக் கிளர்ச்சி, ஐந்தே ஆண்டுகளில் நிஷ் கோட்டையை நெருங்கியிருந்தது. ஆனால், படைத்தலைமை யாருக்கு என்பதில் மிலோயே பெட்ரோவிச்சுக்கும் பெட்டார் டோப்ர்ன்யாட்சுக்கும் இடையே மூண்ட பகை, முன்னணியில் இருந்த சிஞ்செலிச்சின் மண் அரணைத் தனித்து நிற்க விட்டது. 1809 மே 31 அன்று பகல் முழுவதும் அலையலையாக வந்த ஓட்டோமான் வீரர்கள், தம்மவர் பிணங்களால் நிரம்பிய அகழியைக் கடந்து உள்ளே புகுந்தபோது, இனி மீள வழியில்லை என்று கண்ட சிஞ்செலிச் வெடிமருந்துக் கிடங்கை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். நண்பர், பகைவர் என்ற வேறுபாடின்றி அருகிலிருந்த அனைவரும் அவருடன் மடிந்தனர்.

அவருடைய துணிவைப் போற்றும் கோபுர வடிவ நினைவுச் சின்னம் 1927-இல் குன்றின்மேல் எழுப்பப்பட்டது. எனக்கோ, அந்தத் துணிவு தேவைப்பட்ட நிலைமையே ஆறாத வருத்தமாக இருந்தது. பெட்ரோவிச்சின் படை அருகிலுள்ள கமெனிட்சாவில்தான் இருந்தது. செகருக்கு உதவி அனுப்ப அவர் இசையவில்லை. கமெனிட்சா இருக்கும் பக்கம் எது என்று கேட்டறிந்து, அந்தத் திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.