500-ஆ, 600-ஆ: நாமக்கோழியின் கண்ணை வைத்து எடுத்த முடிவு

நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருப்பது நிக்கான் டி7500 கேமராவும், 415 கிராம் எடையுள்ள 70-300 மி.மீ. லென்ஸும்தான். ஊர்ப் பயணங்களுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் போய் நின்றால் மட்டும் அதன் எல்லை உடனே தெரிந்துவிடும். அங்கே பறவைகள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது மீட்டருக்கு அப்பால்தான் மேயும் என்பதால், எடுத்த படத்தில் ஏராளமான தண்ணீரும் கோரையும் நடுவில் ஒரு புள்ளியாகப் பறவையும் இருக்கும். அந்தப் புள்ளியைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சலித்த பிறகே, நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்குவதென்று தீர்மானித்தேன்.

தேடலின் முடிவில் இரண்டு லென்ஸ்கள் எஞ்சின. ஒன்று, 2015-இல் வெளிவந்த நிக்கானின் 200-500. மற்றொன்று, 2016-இல் அறிமுகமான டாம்ரான் 150-600 ஜி2. இரண்டும் புதிதாக விற்ற காலத்தில் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் இருந்தவை. பலர் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கு (மிரர்லெஸ்) மாறிவிட்டதால், இப்போது இரண்டுமே பழைய லென்ஸ் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் முன்பக்க ஃபில்டர் அளவு 95 மி.மீ.; இரண்டும் 2.2 மீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இரண்டிலும் உண்டு. இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டுக்கும் இடையே என்னதான் யோசிக்க இருக்கிறது என்று என் தம்பி கேட்டான். அதைத்தான் இரண்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கண்ணில் படுவது குவியத் தூரத்தில் அந்தக் கூடுதல் 100 மி.மீ.தான்; அது கூடக்கூடத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். என் கேமராவின் சென்சார் சிறியது என்பதால், முழுச் சட்டக் (பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவின்) கணக்கில் 500 என்பது 750 ஆகவும் 600 என்பது 900 ஆகவும் காட்சியளிக்கும். தொள்ளாயிரம் என்ற எண்ணைக் கேட்டவுடன் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.2 மட்டுமே. நிக்கானில் 500-இல் எடுத்த படத்தை 600-இன் காட்சிக்குச் சமமாக வெட்டினால், 20.9 மெகாபிக்சலில் ஏறத்தாழ 14.5 எனக்கு மிஞ்சும். சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் அச்சிட அது தாராளமாகப் போதும். 300-இலிருந்து 500-க்குப் போவது ஒரு தாவல் என்றால், 500-இலிருந்து 600-க்குப் போவது இரண்டடி முன்னால் நகர்ந்து நிற்பது போன்றதுதான்.

அடுத்தது ஒளி. லென்ஸின் துளை எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது எஃப் எண்; எண் சிறியதானால் துளை பெரியது. நிக்கான் தன் வீச்சு முழுவதும் எஃப் 5.6 ஆகவே இருக்கும். டாம்ரான் 150-இல் எஃப் 5-இல் தொடங்கி, 400-ஐத் தாண்டிய சற்று நேரத்திலேயே 6.3-க்கு இறங்கிவிடும். இந்த வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்). இதை வைத்து நிக்கான்தான் அதிக ஒளியைத் தரும் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 மி.மீ.; 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. அதாவது, ஒரே தூரத்தில் அமர்ந்திருக்கும் ஒரே பறவையிடமிருந்து டாம்ரான்தான் சற்று அதிக ஒளியைச் சேகரிக்கிறது. நிக்கான் படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது அதன் ஒளிச் சாதகம் கரைந்துபோகிறது. எஃப் எண்ணை மட்டும் பார்த்து லென்ஸ் வாங்குபவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. துளையை முழுவதும் திறந்து வைத்த நிலையிலேயே லென்ஸ் கூர்மையாக இருக்க வேண்டும். 600-இல் கூர்மைக்காக எஃப் 8 வரை துளையைச் சுருக்க வேண்டியிருந்தால், வாயிலின் விட்டம் 75 மி.மீ. ஆகக் குறைந்துவிடும், அப்போது நிக்கான் நாற்பது சதவீதத்துக்கும் மேல் முன்னால் போய்விடும். ஆகவே நான் கேட்க வேண்டிய கேள்வி 500-ஆ 600-ஆ என்பதல்ல, 600-இல் எந்தத் துளையில் என் மனம் திருப்தியடையும் என்பதே. இதற்குத் தாளில் விடை கிடைக்காது.

வாடகைக்கு லென்ஸ் தரும் கடையில், ஒரு வாரம் ஒன்றும் அடுத்த வாரம் மற்றொன்றும் எடுப்பதாகத்தான் திட்டம். கடையில் இருந்த பையன், “அண்ணே, ஒரு வாரம் வெயிலு, ஒரு வாரம் மேகம்னு இருந்தா என்னத்த ஒப்பிடுவீங்க? ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துட்டுப் போங்க” என்றான். வியாபாரத்துக்காகச் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் சொன்னான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியும் முன்பே துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையோரம் முக்காலியை விரித்துவிட்டேன்.

சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த பறவை நாமக்கோழி. பூநாரைகளும் அன்று தூரத்தில் நின்றன. அழகுக்கு அவை, சோதனைக்கு இது. உடல் முழுவதும் கரி நிறம், நெற்றியில் அப்பட்டமான வெள்ளை நாமம், அதற்குக் கீழே சிவந்த கண். கறுப்பு இறகில் நுணுக்கம் தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தைக் கூட்டினால் நாமம் வெளுத்துப்போகும். நாமத்தைக் காப்பாற்றக் குறைத்தால் கண் கறுப்பில் மூழ்கிவிடும். எந்த லென்ஸின் தரத்தையும் இந்தக் கண் காட்டிக்கொடுத்துவிடும். சுமார் இருபத்தைந்து மீட்டர் தொலைவில், கோரைப் புதரை ஒட்டி ஒன்று மெதுவாக நீந்திக்கொண்டிருந்தது. அசையும் பறவை என்பதால் ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் 800-இல் ஒரு பங்கு என்று நிலையாக வைத்துக்கொண்டு, ஒரு லென்ஸில் முப்பது படம், மாற்றி அடுத்த லென்ஸில் முப்பது படம் என்று எடுத்தேன். காற்றடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டியதன் பலனாகச் சென்சாரில் ஏறிய தூசியைத் துடைக்க மறுநாள் மாலை முழுவதும் செலவானது தனிக்கதை.

வீட்டுக்கு வந்து, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிக்கானில் 500, எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 1600: கண்ணின் சிவப்பு ஒரு வட்டமாகத் தனியே நின்றது, அதைச் சுற்றியிருந்த இறகுகள் மெல்லிய கோடுகளாகப் பிரிந்து தெரிந்தன. டாம்ரானில் 600, எஃப் 6.3: கண் சிவப்பாகத்தான் இருந்தது, ஆனால் விளிம்பு சற்றுக் கரைந்து, இறகுகள் ஒரே கறுப்புத் துணியாகத் தோன்றின. அதையே எஃப் 8-க்குச் சுருக்கியபோது நுணுக்கம் திரும்ப வந்தது. கூடவே ஐஎஸ்ஓ 3200-க்குக் கிட்டத்தட்ட ஏறி, கறுப்பில் மணல் தூவியது போன்ற இரைச்சலும் வந்தது. டாம்ரானையே 500-இல் நிறுத்தி எடுத்தபோது வித்தியாசம் பெரிதும் குறைந்துவிட்டது. நீளமான ஜூம்கள் தம் வீச்சின் கடைசி முனையில் சற்று இளகுவது பொதுவாக எதிர்பார்க்க வேண்டியதுதான்; இந்த விலையில் 600 வரை எட்டும் லென்ஸை அதற்காகக் குறை கூறுவது நியாயமில்லை. ஆனால் 600-க்காக வாங்கிவிட்டு 500-இல் பயன்படுத்துவதில் எனக்கு என்ன இலாபம் என்ற கேள்வி எழத்தான் செய்தது.

ஒன்பது மணிக்கு மேல் நடந்தது இன்னொரு பாடம். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளியத் தொடங்கியது. எண்பது மீட்டர் தூரத்துப் பூநாரைகளை இரண்டு லென்ஸிலும் எடுத்தேன். இரண்டிலும் கால்கள் கொதிக்கும் பாத்திரத்துக்கு அப்பால் தெரிவது போல நெளிந்துதான் பதிவாயின. அந்த நேரத்தில் 500-க்கும் 600-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு எதுவுமே இல்லை. எங்கள் ஊர் வெயிலில், நீளம் எவ்வளவு இருந்தாலும் நல்ல படம் கிடைப்பது காலை இரண்டு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும்தான். அந்த நேரங்களில் ஒளி குறைவு என்பதால், முழுத் துளையில் கூர்மை என்ற பழைய கேள்விக்கே மறுபடியும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பறக்கும் பறவைகளில் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. மீசை ஆலாக்கள் தண்ணீரை உரசித் திரும்பும் வேகத்துக்கு இரண்டு லென்ஸுமே திணறின என்பதுதான் உண்மை. எனினும் டாம்ரானில் ஃபோகஸ் வீச்சைக் கட்டுப்படுத்தும் பொத்தானில் மூன்று நிலைகள் உண்டு; பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்றும், பத்து மீட்டருக்குள் மட்டும் தேடு என்றும் தனித்தனியே சொல்ல முடியும். நிக்கானில் முழு வீச்சு, ஆறு மீட்டருக்கு அப்பால் என்ற இரண்டுதான். நிக்கானின் ஜூம் வளையம் வேறு நீளமாகத் திரும்பும். 200-இலிருந்து 500-க்குப் போக ஒரே பிடியில் முடியாமல், நடுவில் கையை மாற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. தலைக்கு மேல் வந்துவிட்ட அரிவாள் மூக்கன் கூட்டம் ஒன்றை அந்தக் கை மாற்றும் நேரத்தில் தவறவிட்டேன்.

எடையிலும் டாம்ரானே நல்லவர். அது 1,990 கிராம். நிக்கான் முக்காலிப் பிடியோடு 2,300 கிராம். 310 கிராம்தானே என்று கடையில் தோன்றும். 720 கிராம் கேமராவையும் சேர்த்து, மூன்று கிலோவைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நீர்க்கோழி வெளியே வரட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருக்கும்போது அந்த 310 கிராமும் இடது மணிக்கட்டில் வந்து உட்காரும். டாம்ரானின் அடிப்பாதம் நேரடியாக என் முக்காலித் தலையில் பொருந்தியது. நிக்கானுக்குத் தனித் தட்டு ஒன்று வாங்க வேண்டும். டாம்ரானில் ஜூம் வளையத்தை முன்னே தள்ளினால் எந்த நீளத்திலும் பூட்டிக்கொள்ளலாம். நிக்கானை 200-இல் மட்டுமே பூட்ட முடியும். முதுமலையில் வண்டிக்குப் பக்கத்தில் யானை வந்து நின்றால் 150-இன் அருமையும் தெரியும். தும்பிகளை நெருங்கி எடுக்கவும், 2.2 மீட்டரில் சற்றுப் பெரிதாகக் காட்டும் டாம்ரானே மேல். இத்தனை வசதிகளையும் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் நாமக்கோழியின் கண்ணை மட்டும் வைத்தேன்.

நிக்கானைத்தான் வாங்கினேன். நான் வாரம் தவறாமல் போவது பள்ளிக்கரணைக்கும், நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும் பருவத்தில் வேடந்தாங்கலுக்கும்தான். முதுமலைக்குப் போவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தும்பிகளுக்கு என் பழைய 70-300 இருக்கிறது. காரில் உட்கார்ந்து படமெடுப்பவரோ, கை வலி காரணமாக எடையைக் குறைத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரோ இதே சான்றுகளை வைத்து டாம்ரானை வாங்கினால் அதுவும் சரியான முடிவே.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒன்றை மட்டும் வலியுறுத்த வேண்டும். முன்பொரு முறை, முகமறியாத ஒருவரிடம் பகல் வெளிச்சத்தில் பார்த்து ஒரு சிறிய லென்ஸை வாங்கினேன். வீட்டுக்கு வந்து இருட்டறையில் டார்ச் அடித்தபோது உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸுக்கு அதுதான் கதி. இந்த முறை டார்ச்சை எடுத்துக்கொண்டே போனேன். பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஜூமை முழுவதும் நீட்டி, குழாய் ஆடுகிறதா என்றும் பார்த்தேன். பின்னால் என்றாவது கண்ணாடியில்லா நிக்கானுக்கு மாறினாலும், எஃப்டிஇசட் இணைப்பான் வழியாக இது வேலை செய்யும் என்பது கூடுதல் நிம்மதி.

வாங்கி வந்த அன்று இரவுதான், என்னிடம் இருந்த ஈரம் புகாப் பெட்டிக்குள் இது நிற்கவும் இல்லை, படுக்கவும் இல்லை என்பது தெரிந்தது. இப்போதைக்கு, பத்து கிலோ அரிசி கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், கீழே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பரப்பி, துண்டு சுற்றி வைத்திருக்கிறேன். அரிசி டப்பாவுக்குப் பதில் டப்பா கேட்டிருக்கிறார்கள் வீட்டில். அதையும் லென்ஸின் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.