தாக்குப்பிடிப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று இறங்குகிறவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். சில மாதங்களில் பலருடைய வாட்ஸ்அப் குழு அப்படியே அடங்கிப்போகும். கேட்டால், "முடியலைங்க" என்பார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கிரைண்டர் கழுவுகிறவரைச் சோம்பேறி என்று யார் சொல்வது? உழைப்பு எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் சட்டப்பக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறிய அளவில் உணவு செய்து விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, விளம்பரப் பலகை மாட்டக் கூடாது, வீட்டு உபயோகத்துக்கு அல்லாத பெரிய இயந்திரம் கூடாது. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்தால், நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டாம். "அன்னம்", "அமுதம்" என்று பெயர் வைக்க ஆசைப்பட்டால் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். உணவுப் பாதுகாப்பு வகுப்பு வீட்டு வியாபாரத்துக்குக் கட்டாயமில்லை. இருந்தாலும் போய்விட்டு வருவது நல்லது.

இனி மாவு. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரைத்தால் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். வாரம் 30 பாக்கெட், ஒன்று ஒரு கிலோ என்றால் 10 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ உளுந்து. 2 லிட்டர் கிரைண்டரில் இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரிசி ஐந்து ஈடு, ஈட்டுக்கு 25 நிமிடம். உளுந்து மூன்று ஈடு, ஈட்டுக்கு அரை மணி. இடையில் ஈடு மாற்றும் நேரத்தையும் சேர்த்து, மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்தேகாலுக்கு முடியும். பத்தரைக்கு மேல் கிரைண்டர் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றேமுக்கால் மணி நேரத்துக்குள்தான். உளுந்தை முதலில் அரைத்துக்கொள்வார்கள், சரி. கல் சூடேறினால் உளுந்து உப்பி எழும்பாது; குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அதுவரை யாருக்கும் குழப்பமில்லை. அரிசியின் முதல் ஈட்டை எட்டரைக்கு உளுந்தோடு கலந்து வைக்கிறோம், ஐந்தாவது ஈட்டைப் பத்தேகாலுக்கு. இந்த ஊர் வெக்கையில் மாவு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். காலை நான்கரைக்கு எழுந்து எல்லா வாளியையும் ஒன்றாகக் குளிர்பெட்டியில் வைத்தால், முதல் வாளி கடைசி வாளியைவிட ஒன்றேமுக்கால் மணி நேரம் கூடுதலாகப் புளித்திருக்கும். "போன வாரம் நல்லா இருந்துச்சு, இந்த வாரம் ஒரே புளிப்பு" என்று குறுஞ்செய்தி வருவது இதனால்தான். வாங்கியவர் சொல்வது உண்மை, விற்றவர் "எப்பவும் போலத்தானே அரைச்சேன்" என்பதும் உண்மை. வாளி மூடியில் ஒட்டுத்தாளில் எண்ணும் கலந்த நேரமும் எழுதி, அதே வரிசையில் உள்ளே வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். மழை கொட்டும் டிசம்பரில் கூடுதல் நேரம் பிடிக்கும். அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வெதுவெதுப்பான பாக்கெட்டுகளை அடுக்கிக் குளிர்பெட்டியில் திணிப்பது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அடுக்கின் நடுவில் இருக்கும் பாக்கெட் மணிக்கணக்கில் சூடு இறங்காமல் பொங்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் பேருந்தில் வெடிக்கும். பாக்கெட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், அடுக்காமல் பரப்பி வைக்க வேண்டும். உளுந்து மூட்டை மாற்றும்போது பழையதைத் தீர்த்துவிட்டுப் புதியதைப் பிரிக்காதீர்கள். பழையது இருக்கும்போதே புதியதில் கால் கிலோ மட்டும் அரைத்துப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தால் எவ்வளவு ஆட்டினாலும் எழும்பாது.

பணக்கணக்குக்கு வருவோம். பாக்கெட் 4 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு, பை, மின்சாரம், தண்ணீர் போக 2 வெள்ளி 30 காசு நிற்கிறது. 30 பாக்கெட்டுக்கு 69 வெள்ளி. அரைத்து, கழுவி, பொட்டலம் கட்டி, ஈசூனுக்கும் தெம்பனிசுக்கும் தூக்கிக்கொண்டு ஓடி வாரம் 14 மணி நேரம் போகிறது என்றால், மணிக்கு ஐந்து வெள்ளிகூட இல்லை. அதில் விநியோகம் மட்டும் 5 மணி நேரம். அதை நிறுத்தி, புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை பத்து முதல் பதினொன்று வரை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மொத்தம் 10 மணி நேரம். மணிக்கு ஏழு வெள்ளியை நெருங்கும். இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும்.

ஏழு வெள்ளியும் பிழைப்புக்கு ஆகாது. வீட்டுக் கிரைண்டர் தொழில் கற்றுக்கொள்ளும் இடம், அவ்வளவே. அடுத்த படி உணவங்காடி நிலையக் கடை. தேசியச் சுற்றுப்புற வாரியக் கடைக்கு ஏலக்குத்தகையில் கேட்ட வாடகையைத்தான் முதல் மூன்று ஆண்டும் கட்ட வேண்டும். எனவே ஆர்வத்தில் ஓர் எண்ணை எழுதிவிடாதீர்கள். வாடகை 2,000 வெள்ளி, மாதம் 25 நாள் கடை என்றால் நாளுக்கு 80. ஒரு தட்டுத் தோசையில் 2 வெள்ளி மிஞ்சினால் முதல் 40 தட்டு வாடகைக்கே போகும். மேசை துடைக்கும் கட்டணம் வேறு. தேக்காவில் கூட்டம் இருக்கிறதே என்பார்கள். அங்கே தோசைக் கல்லும் வரிசையாக இருக்கிறது.

விடாமுயற்சி என்றதும் நாராயண பிள்ளையைச் சொல்வார்கள். 1819-ல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்சோடு இங்கே வந்தவர், தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவர். 1822-ல் துணிக்கடை எரிந்து கடனில் மாட்டியபோது ராஃபிள்சிடம் போய் உதவி கேட்டார். கமர்ஷியல் ஸ்குவேரில் இடம் கிடைத்தது, மீண்டும் எழுந்தார். எல்லாரும் அவர் எழுந்ததைப் பேசுகிறார்கள். எனக்கு அவர் வெட்கப்படாமல் போய்க் கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது. சரக்குக் கடைக்காரரிடம் "இரண்டு வாரம் பொறுங்கள்" என்று தவணைக்கு முன்பே சொல்கிறவருக்கு அடுத்த மூட்டையும் கிடைக்கும். போன் எடுக்காதவருக்குக் கிடைக்காது.

நிறுத்துவதற்கும் ஓர் எண் வேண்டும். ஆறு மாதத்தில் மணிக்கு இவ்வளவு வராவிட்டால் விடுகிறேன் என்று தொடங்கும் நாளிலேயே நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனம் பேரம் பேசும்.

எதற்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்விக்கு முதல் நாளே விடை இருக்க வேண்டும் என்பதில்லை. பத்தாவது வாரம் நோட்டைப் புரட்டினால் யார் தவறாமல் வாங்குகிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவத் தெம்பில்லாத வயதானவர்களும், இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடுகளும்தான். அவர்களுக்கு ஒரு கிலோ அதிகம்; நான்கு நாளில் புளித்து, மிச்சம் குப்பைக்குப் போகும். அரை கிலோ போடுங்கள். பையும் வேலையும் அதேதான் என்பதால் 2 வெள்ளிக்குக் கட்டாது, 2 வெள்ளி 40 காசு வைக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், "பாட்டி, நாப்பது காசு கூட" என்று.