நீட்டிய கை

"உன் கையில எங்கே நீலம் தெரியப்போகுது? வேற யாராவது வாங்க."

மருத்துவச் செய்முறை வகுப்பில், கருத்த என் கையைப் பார்த்து ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலம் பூக்கும்; கருத்த தோல்காரர்களுக்கு அதை உதட்டின் உட்புறம், ஈறு, இமையின் உட்பக்கம் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்கூட அவர்களுக்குச் சில நேரம் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். இதையெல்லாம் சொல்லித்தர என் கை எவ்வளவு தோதாக இருந்திருக்கும்!

இந்த மாதிரிச் சின்னக் குத்தல்களுக்கு 1970-இல் செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் 'மைக்ரோஅக்ரஷன்' என்று பெயர் வைத்தார். பெயர் இருக்கிறது, சரி. தூக்கம் வர வேண்டுமே.

காலை ஏழு மணிக்கு வார்டு. அதே ஆசிரியை.