மொட்டை மாடியில் முட்டைக்கோஸ்: ஒரு பனிக்கால வெள்ளாமை

கோயம்புத்தூரில் மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் வீட்டில் தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, நாலு வகைக் கீரை எல்லாம் இருக்கும். முட்டைக்கோஸ் இருக்காது. "அது ஊட்டிக் காய், இங்க எங்க வரும்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். நான் விசாரித்த இடத்திலெல்லாம் இதே பதில்தான். நாற்று விற்கும் நர்சரித் தம்பி மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்: "வெக்கலாமுங்க்கா, செடி நல்லாத்தான் வரும். ஆனா இலையாவே போயிருமுங்க, காய் கட்டாது."

போன பனிக்காலத்தில் எங்கள் மாடியில் காய் கட்டியது. கெட்டியாக, கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்குக் கட்டியது. அந்தத் தம்பி சொன்னதும் பொய்யில்லை. தப்பான மாதத்தில் விதைத்தால் இலையாகத்தான் போகும். அதனால் விதை போடும் தேதியிலிருந்தே தொடங்குகிறேன். சமவெளியில் இந்தக் காய்க்குப் பாதி வெள்ளாமை அந்தத் தேதிதான்.

முட்டைக்கோஸுக்கு இலை விட வெயில் பரவாயில்லை. இலைகள் உள்பக்கமாக மடிந்து உருண்டை கட்டுவதற்குத்தான் குளிர் வேண்டும். 15 முதல் 20 டிகிரி அதற்கு நல்ல பருவம். கோவையில் பகலில் அது கிடைக்கவே கிடைக்காது. டிசம்பர், ஜனவரியில்கூட மதியம் 29, 30 டிகிரி அடிக்கும். ஆனால் அந்த இரண்டு மாதமும் இரவில் 18, 19 டிகிரிக்கு இறங்கும். நமக்கு இருக்கும் முதல் அவ்வளவுதான். செடி உருண்டை பிடிக்கும் நாட்கள் இந்தக் குளிருக்குள் விழ வேண்டும். நடவு செய்து ஏறக்குறைய ஆறேழு வாரத்தில் நடு இலைகள் மடியத் தொடங்கும். நாற்றுக்கு அதற்கு முன் நாலு வாரம். கார்த்திகை நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் விதைப்பு செப்டம்பர் நடுவில், அதாவது ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும்போது வருகிறது. நடவு ஐப்பசி தொடக்கத்தில். தை பிறக்கும் சமயத்தில் அறுவடை. தைப் பட்டத்தில் விதைத்தவர்களுக்கு உருண்டை கட்டும் வேளையில் பங்குனி வெயில் வந்து நிற்கும். அவர்கள் செடிதான் இலையாகப் போகிறது.

அடுத்தது ரகம். பூசா டிரம் ஹெட் மாதிரி பெரிய, நாள்பட்ட ரகங்களுக்கு நீண்ட குளிர் வேண்டும். அவற்றை மலைக்கு விட்டுவிடலாம். கோல்டன் ஏக்கர் குறுகிய கால ரகம், சின்ன உருண்டை, ஒன்று ஒன்றரை கிலோ வரை வரும். நான் எடுத்தது வெயில் தாங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்த ஒரு கலப்பின விதை. சமவெளிக்கு அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு. விதையை வருஷா வருஷம் வாங்கத்தான் வேண்டும், வீட்டில் எடுத்துவைக்க முடியாது. முட்டைக்கோஸ் ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டு உருண்டை கட்டும், பிறகு பல வாரம் கடும் குளிரில் கிடந்தால்தான் பூத்து விதை வைக்கும். அதனால்தான் இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் இதற்கு விதை உற்பத்தி நடக்கிறது.

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை. பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும், கடுகுக் குடும்பம்தானே. நாலைந்து நாளில் முளைத்துவிட்டது. முளைத்ததும் தட்டை நல்ல வெளிச்சத்தில் வைக்க வேண்டும், நிழலில் வைத்தால் நாற்று நெட்டையாக வளர்ந்து சாயும். நாலைந்து இலை வந்ததும் பைக்கு மாற்றினேன்.

பை விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 15 அங்குல அகலமும் கிட்டத்தட்ட அதே உயரமும் உள்ள குரோ பேக், அல்லது அடியில் துளை போட்ட 20 லிட்டர் பெயிண்ட் வாளி. ஒன்றில் ஒரே ஒரு செடி. நாற்றாக இருக்கும்போது இடம் வீணாவதுபோலத் தெரியும். ஒன்றரை மாதம் போனால் வெளி இலைகள் இரண்டடி அகலத்துக்குப் படரும், அப்போது பைகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டிவரும். ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும். பைகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல்மேல் வைத்தேன். தண்ணீர் வடியும், தளத்தின் சூடும் வேரில் ஏறாது.

மண்கலவை: செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமும் மக்கிய மாட்டெருவும் சேர்ந்து ஒரு பங்கு. பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு ஸ்பூன். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். பையை முக்கால் அளவுக்குத்தான் நிரப்பினேன். முட்டைக்கோஸ் செடிக்குத் தண்டு மெலிது, தலை கனம், காற்றடித்தால் வேர் கழுத்திலேயே ஆடும். நட்டு மூன்று வாரம் கழித்து அதே கலவையைக் கீழ் இலை வரைக்கும் போட்டு அணைத்ததும் செடி நிமிர்ந்து உட்கார்ந்தது. வயல்காட்டில் மண் அணைப்பதை மாடியில் செய்ய, காலியாக விட்ட இந்தக் கால்வாசிப் பைதான் வழி.

கோவைக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் இரண்டு: குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், மற்றதுக்குப் போரில் வரும் உப்புத் தண்ணி. போர் தண்ணீரையே நாள்பூராவும் ஊற்றினால் பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், இலை ஓரம் கருகும். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அரிசி, பருப்பு களைந்த தண்ணீரையும் ஐப்பசி மழைத் தண்ணீரையும் டிரம்மில் பிடித்துவைத்துப் போர் தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றினேன். அந்த மழை பைக்குள் இருக்கும் சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் அடைமழை விட்டதும் ஆளுக்கொரு கைப்பிடி மண்புழு உரம். மற்றபடி பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, இடையில் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசல். உருண்டை பிடிக்க ஆரம்பித்ததும் புண்ணாக்கைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் அடுப்புச் சாம்பல். தழைச்சத்து மிஞ்சினால் உருண்டை கெட்டிப்படாமல் பொதபொதவென்று நிற்கும்.

இனி புழு. முட்டைக்கோஸ் வளர்ப்பது என்றால் முக்கால்வாசி இதுதான்.

வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். சிறகை மூடி உட்கார்ந்தால் முதுகில் வைர வடிவம் தெரியும். அரிசி அளவு பூச்சி, இலைப் பச்சையிலேயே இருக்கும் புழு. முதலில் இலையில் கண்ணாடித்தாள் ஒட்டினதுபோல் சின்னச் சின்னத் திட்டுகள் தெரியும். அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல் தோலை விட்டுவைத்திருக்கும். பிறகு அது ஓட்டையாகும். காலையில் இலையைத் திருப்பி ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள்: புழு துடிதுடித்துப் பின்னோக்கி நெளியும், சட்டென்று ஒரு நூலை விட்டுக் கீழே தொங்கும். ஆபத்து போனதும் அதே நூலைப் பிடித்து ஏறிவிடும். அப்படித் தொங்கும்போது ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரைக் கீழே பிடித்தால் தானாக விழும். வீட்டு அளவுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

கடையில் கோஸ் மலிவாகக் கிடைக்கிறபோது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இந்தப் புழுதான். மருந்துக்குப் பழகிப்போவதில் உலகத்திலேயே பேர் எடுத்த பூச்சி இது. 1953-லேயே ஜாவா தீவில் டி.டி.டி.க்கு மசியாமல் போனது. அதற்குப் பிறகு வந்த மருந்து வகைகளில் பெரும்பாலானவற்றுக்கும் எங்கேயோ ஓரிடத்தில் பழகிவிட்டது. மருந்து கேட்காவிட்டால் விவசாயி என்ன செய்வார்? இன்னொன்றை அடிப்பார், இன்னும் கூட்டி அடிப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, காட்டில் போட்ட காசு அவருடையது. என் வீட்டுப் பிள்ளைகள் பச்சையாகக் கடித்துத் தின்னும் காயை மட்டுமாவது மருந்தில்லாமல் விளைவிக்க முடியுமென்றால் அதற்குக் காலையில் கால்மணி நேரம் குனிவதில் எனக்குச் சலிப்பில்லை.

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்குச் சொல்லும் ஒரு முறை மாடிக்கும் பொருந்தியது. 25 வரிசை முட்டைக்கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு விதைக்கச் சொல்கிறார்கள். அந்துப்பூச்சி கடுகை நாடிப்போய் அதில் முட்டையிடும். நான் அஞ்சறைப்பெட்டிக் கடுகையே எடுத்து, நடவுக்கு இரண்டு வாரம் முன்னால் சின்னத் தொட்டிகளில் தூவி, கோஸ் பைகளைச் சுற்றி வைத்தேன். முதல் தொட்டி முற்றிப் பூத்ததும் அடுத்ததைத் தயாராக விதைத்துவைத்தேன். கடுகு இலை சல்லடையாகிவிட்டது. கோஸில் புழு வராமல் இல்லை, ஆனால் கையால் எடுத்து முடிக்கும் அளவில் நின்றது.

"கடுகைப் புழுவுக்கு வெக்கறயா அம்மிணி?" என்று என் மாமியார் முதலில் நம்பாமல் கேட்டார். "ஆமாங்கத்தை, அதுக்கும் ஏதாச்சும் வேணுமில்லீங்களா" என்றேன். மறுவாரம் அவரே கடுகு இலைகளைப் புழுவோடு பறித்து ஒரு வாளித் தண்ணீரில் போட ஆரம்பித்துவிட்டார்.

கைக்கு மீறும்போது வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் 5 சதக் கரைசல். அதில் கொஞ்சம் காதி சோப்பைக் கரைப்பது கட்டாயம். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. சோப்பு இல்லாமல் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு கீழே போய்விடும். உருண்டை கட்டும் நேரத்தில் புழு நடுக்குருத்துக்குள் போனால், புழுவைக் கொல்லும் பாக்டீரியாவான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பொடி, லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். இதையும் வாராவாரம் அடிக்கக் கூடாது, இதற்கும் அந்தப் புழு பழகியிருக்கிறது.

சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு இவ்வளவு பாடில்லை, இலையைத் திருப்பித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போய்விடும். ஒரு செடியில் மட்டும் இலை ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி ஆங்கில வி எழுத்து வடிவில் மஞ்சள் இறங்கி, நரம்பு கறுத்தது. அது கருப்பு அழுகல், பாக்டீரியா நோய். மழைத் துளி தெறித்துப் பரவும் என்பதால் யோசிக்காமல் பையோடு அகற்றினேன்.

கார்த்திகை முடியும்போது ஒரு நாள் நடு இலைகள் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து மூடியிருந்தன. விரலை உள்ளே விட்டால் சின்னதாக, எலுமிச்சை அளவில் ஓர் உருண்டை தட்டுப்பட்டது. இந்தக் கட்டத்தில் எல்லாரும் செய்ய நினைப்பது ஒன்று: ஓட்டை விழுந்து அழகில்லாமல் கிடக்கும் வெளி இலைகளைக் கிள்ளிவிடுவது. என் மாமியாரும் கூட்டுக்கு ஆகுமென்று கேட்டார். மஞ்சளாகிப்போன ஓரிரண்டைத் தவிர எதையும் தொடவிடவில்லை. உள் உருண்டைக்கு வெயில் படாது. அதற்கான சோறு முழுவதும் வெளியே விரிந்து கிடக்கும் அந்த முரட்டு இலைகளிலிருந்துதான் போகிறது. பத்துப் பன்னிரண்டு நல்ல வெளி இலை உள்ள செடிகளில் உருண்டை பெரிதாகவும், புழு அதிகம் தின்ற செடிகளில் சின்னதாகவும் வந்ததை என் மாடியிலேயே பார்த்தேன்.

மார்கழி முழுக்க ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய ஊற்றினால் முற்றிய உருண்டை வெடித்துவிடும். ஒரே வாரத்தில் எல்லாம் முற்றியபோது, பிறகு அறுக்கலாம் என்று வைத்த செடிகளை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் திருகிவிட்டேன். வேரில் கொஞ்சம் அறுபடும், தண்ணீர் ஏறுவது குறையும், வெடிக்காது.

முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வந்தன. சந்தைக் கோஸைப் போல வெள்ளையாக இல்லாமல் இளம்பச்சையாக இருந்தது. பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட பொரியலுக்கு மூடி வைத்த இரண்டாவது நிமிடமே வெந்துவிட்டது. பச்சையாக நறுக்கித் தின்றால் இனிக்கிறது. பனியில் முற்றிய காய் என்பதால் இருக்கும்.

அறுக்கும்போது செடியைப் பிடுங்காதீர்கள். உருண்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, நிற்கும் தண்டின் தலையில் கத்தியால் கூட்டல்குறி போல ஒரு கீறல். சில வாரத்தில் பக்கக் கண்களிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் கோஸ்கள் வரும். மாசி வெயிலில் அவை கெட்டிப்படாது, ஆனால் குழம்புக்கும் முட்டைப் பொரியலுக்கும் தாராளம். அந்தப் பைகளில் அடுத்து முள்ளங்கி, காலிஃப்ளவர், கடுகு எதுவும் வேண்டாம், ஒரே குடும்ப நோய் மண்ணில் தங்கும். நான் மண்ணைக் கொட்டிக் காயவைத்து, எரு சேர்த்து வெண்டையும் தண்டுக்கீரையும் போட்டிருக்கிறேன். புரட்டாசிக்கு வேறு பைகள் தயாராகின்றன. இந்த முறை நர்சரித் தம்பி தன் கடைக்கும் ஒரு குழித்தட்டு நாற்று போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.